கைமாறிய கதையையும் சேர்த்துக் கொடுங்கள்: பழைய நூல் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐலேப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பழைய நூல் வணிகர்களின் உலகக் கூட்டமைப்புக்கும், அதில் சேர்ந்திருக்கும் நாட்டுச் சங்கங்களுக்கும், அவற்றின் உறுப்பினர்களான ஒவ்வொரு கடைக்காரருக்கும்,

வணக்கம்.

நான் உங்களிடம் புத்தகம் வாங்குகிறவன். பெரிய சேகரிப்பாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயண நூல்களும் தாவரவியல் நூல்களும் வருடத்துக்கு நான்கைந்து வாங்குவேன், அவ்வளவுதான். ஆனால் இருபது வருடமாக உங்கள் கேட்லாக்குகளை வரி விடாமல் படித்துவருகிறேன். நல்ல வியாபாரி ஒருவர் எழுதும் விவரணையைப் படிப்பது தனிச் சுகம். ‘முதுகுத்தோல் புதிதாகப் போடப்பட்டது, கடைசித் தாளின் ஓரக் கிழிசல் ஒட்டப்பட்டிருக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த நூலைக் கையில் வைத்துத் தாள் தாளாகப் புரட்டிய மனிதர் கண்முன் வந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களை நம்பித்தான், முகம் பார்க்காமல், கடல் தாண்டிப் பணம் அனுப்புகிறேன்.

ஒரு நூல் யார் யாரிடம் இருந்து எப்படிக் கைமாறி வந்தது என்ற கதையையும் விவரணையில் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். முதலில் என் அனுபவங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பயண நூல். ‘எல்லா வரைபடங்களும் உள்ளன, முழுமையான பிரதி’ என்று விவரணையில் இருந்தது. வாங்கி மூன்று வருடம் கழித்து இன்னொரு பிரதியோடு ஒப்பிட நேர்ந்தபோதுதான், மடித்து வைத்திருந்த வரைபடங்களில் ஒன்று நகல் என்று தெரிந்தது. பழைய காகிதத்திலேயே அச்சிட்ட, கைதேர்ந்த நகல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மட்டும் காகிதம் செய்யும் சல்லடையின் கம்பிகள் அந்தத் தாளில் பதித்த கோடுகள் மற்ற வரைபடங்களின் கோடுகளோடு பொருந்தவில்லை. விற்றவருக்குத் தயங்கித் தயங்கி எழுதினேன். மூன்று வருடம் ஆகிவிட்டதே! அன்று மாலையே பதில் வந்தது. ‘கவனிக்காமல் விட்டது என் தவறு. அனுப்பிவிடுங்கள். முழுப் பணமும் தபால் செலவும் தருகிறேன். நானும் இதை வேறொரு வியாபாரியிடம்தான் வாங்கினேன், அவருக்கும் சொல்லிவிடுகிறேன்’ என்றார். அதற்குப் பிறகு அவரிடம் பத்துப் பன்னிரண்டு நூல்கள் வாங்கிவிட்டேன்.

அடுத்தது ஒரு தாவரவியல் நூல். தலைப்புத் தாளின் பின்பக்கத்தில் ஓரிடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்து, கொஞ்சம் மெலிந்து இருந்தது. புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் நீள்வட்டமாக ஒரு முத்திரை, நடுவில் ஒரு நூலகத்தின் பெயர். யாரோ ரசாயனம் வைத்து அழித்திருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டேன். ‘பழைய புத்தகம் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், நூலகங்கள் கழித்துப் போட்டதுதானே’ என்றார். அந்த நூலகத்துக்கே எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நூல் அவர்களுடையதுதான். கழித்துவிட்டதாகப் பதிவு எதுவும் இல்லை. அலமாரியில் இல்லை என்பது தெரியுமாம், எப்போது போனது என்று தெரியாதாம், யாரிடமும் சொல்லவும் இல்லையாம். நூலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பணம் எனக்குத் திரும்பவில்லை. விற்றவர் ஒரு சங்கத்தின் உறுப்பினர் என்பதால் அங்கே புகார் கொடுத்தேன். ‘விசாரித்தோம், உரிய நடவடிக்கை எடுத்திருக்கிறோம்’ என்று ஒரு வரி வந்தது. என்ன நடவடிக்கை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்லாக் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

பணம் போனதைச் சொல்லிப் புலம்ப இதை எழுதவில்லை. அந்த நூலின் கதையில் மூன்று இடங்களில் மூன்று பேர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்: நூலைத் தொலைத்த நூலகம், அழித்த முத்திரையைப் பார்த்தும் பார்க்காததுபோல் விற்ற வியாபாரி, முடிவை வெளியே சொல்லாத சங்கம். முதல் இரண்டு பேரில் ஒருவர் பேசியிருந்தாலும் அந்த நூல் என் கைக்கு வந்திருக்காது. சங்கம் பேசியிருந்தால் அடுத்து வாங்குகிறவராவது தப்பித்திருப்பார். உங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்து பெரிய தீங்குகள் நடந்ததெல்லாம் இப்படி யாரும் பேசாத இடங்களில்தான். பெரிய நன்மைகள் நடந்தது, யாராவது தெரிந்ததை உடனே வெளியே சொன்னபோது.

உங்கள் நெறிமுறைகளில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். விற்கும் பொருளின் விவரணைக்கு உறுப்பினரே பொறுப்பு. முக்கியமான குறைகளையும் பழுதுபார்த்த இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்பவருக்கு அந்த நூலை விற்கும் உரிமை இருக்கிறதா என்று நியாயமான முயற்சி எடுத்துப் பார்க்க வேண்டும். திருட்டு நூல்களைத் தடுக்கவும் மீட்கவும் காவல்துறையோடு ஒத்துழைக்க வேண்டும். இதற்கு மேல் என்ன வேண்டும்? வார்த்தைகள் போதும். அவை கடைப்பிடிக்கப்பட்டதா என்று வெளியில் இருக்கிற ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் எப்படிப்பட்ட காலத்தில் கூடினீர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். போர் முடிந்து இரண்டே வருடம். 1947-ல் ஆம்ஸ்டர்டாமில், மென்னோ ஹெர்ட்ஸ்பெர்கர் என்ற டச்சு வியாபாரியின் முயற்சியில், ஐந்து நாட்டு வியாபாரிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அடுத்த வருடம் கோபன்ஹேகனில் கூட்டமைப்பு முறைப்படி பிறந்தது. ஐரோப்பாவில் அப்போது நூலகங்கள் எரிந்துகிடந்தன. நாஜிகள் கொள்ளையடித்த லட்சக்கணக்கான நூல்களை ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் கிடங்கில் வைத்து, முத்திரையையும், சொந்தக்காரர் பெயரோடு நூலின் உள்ளே ஒட்டும் உடைமைச் சீட்டையும் பார்த்துப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உடைமைச் சீட்டு என்கிற சின்னக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. ‘நூல்மீதுள்ள அன்பு நம்மை இணைக்கிறது’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகத்தை உங்கள் அடையாளமாக வைத்தீர்கள். அழகான வாசகம்.

ஆனால் ‘இணைவது’ என்பதற்கு உங்கள் தொழிலில் இன்னொரு முகமும் இருந்தது. ஏலத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் போட்டிபோடாமல், விலையை அடிமட்டத்தில் நிறுத்தி வாங்குவார்கள். ஏலம் முடிந்ததும் தனியறையில் தங்களுக்குள் மறுஏலம் விட்டு லாபத்தைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 1919-ல் ரக்ஸ்லி லாட்ஜ் என்ற மாளிகையின் நூலகம் ஏலத்துக்கு வந்தபோது நடந்ததை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தனியறையில் கைமாறிய தொகை, ஏலத்தில் கொடுத்த தொகையைவிடப் பல மடங்கு. அந்த வித்தியாசம் முழுவதும் நூல்களுக்குச் சொந்தமான குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டியது. இப்படிப் பேசிவைத்து வாங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் அங்கே 1927-ல் வந்தது. அதுவும் ஒருவகை ஒத்துழைப்புதான், கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஒத்துழைப்பு. உங்கள் முன்னோர்களில் பலருக்கு அது தவறு என்றே தோன்றவில்லை. கூட இருந்த எல்லோரும் செய்தார்கள், யாரும் வெளியே பேசவில்லை, அதனால் வழக்கமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக 1934-ஐ நினைத்துக்கொள்கிறேன். ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட். இரண்டு பேரும் இளைஞர்கள், புத்தக வியாபாரத்தில் இருந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களின் அரிய முதல் பதிப்புகள் என்று சந்தையில் ஓடிக்கொண்டிருந்த ஐம்பது சொச்சம் சிற்றேடுகளை எடுத்துச் சோதித்தார்கள். அதில் ஒன்று 1847-ல் அச்சிட்டதாகப் போட்டிருந்த எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் கவிதைகள். காகிதத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் ரசாயன மரக்கூழ். 1847-ல் அப்படிக் காகிதமே கிடையாது. வேறு சில ஏடுகளின் அச்செழுத்தில் எஃப், ஜே எழுத்துகளின் வடிவமே பிற்காலத்தில் வெட்டியது. எல்லாத் தடயமும் தாமஸ் வைஸ் என்ற ஒரே மனிதரிடம் போய் நின்றது. அவர் சாதாரண ஆள் இல்லை. நூல்விவரணைச் சங்கத்தின் தலைவராக இருந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுத்த அறிஞர், உலகமே பொறாமைப்பட்ட சேகரிப்பின் சொந்தக்காரர். கார்ட்டரும் பொல்லார்டும் ‘நமக்கெதற்கு வம்பு’ என்று ஒதுங்கியிருக்கலாம். தங்கள் சக வியாபாரிகளே வாங்கி விற்ற சரக்கு அது. அதன் விலை சரியப்போகிறது என்று தெரிந்தே அச்சிட்டு வெளியிட்டார்கள். வைஸ் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, டேவிட் ஃபாக்ஸன் என்ற நூலகர் இன்னொன்றையும் வெளிப்படுத்தினார். தன் பிரதிகளில் குறைந்த தாள்களை நிரப்ப, பிரிட்டிஷ் மியூசியத்து நாடகப் பிரதிகளிலிருந்து 200-க்கும் மேற்பட்ட தாள்களை வைஸ் கிழித்து எடுத்திருக்கிறார். உங்கள் தொழிலின் தரம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கார்ட்டர், பொல்லார்ட் இருவரின் வேலையைத்தான். நெறிமுறைக் கோவை எதுவும் அதைச் செய்யச் சொல்லி அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

சரி, அது பழைய கதை. இப்போது நடப்பதற்கு வருகிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் கார்னகி நூலகம் இருக்கிறது. அதன் அரிய நூல் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தவரே 1990-களின் தொடக்கத்திலிருந்து கால் நூற்றாண்டு காலம் நூல்களையும் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டுபோய், பக்கத்திலேயே கடை வைத்திருந்த வியாபாரியிடம் கொடுத்துவந்தார். கடையில் ‘நூலகத்தால் கழிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி விற்றார்கள். 2017-ல் காப்பீட்டுக்காக மதிப்பீட்டாளர்கள் வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. நூலகத்துக்கு ஏற்பட்ட இழப்பு 80 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். 2020-ல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றார்கள். அந்த வியாபாரி சங்க உறுப்பினராக இருந்தவர், சக வியாபாரிகள் மதித்தவர். அவரிடம் வாங்கியவர்கள் எல்லாம் கெட்டவர்களா? இல்லை. 1615-ஆம் ஆண்டின் ஜெனீவா பைபிள் ஒன்று நெதர்லாந்தின் லைடன் நகரத்து அருங்காட்சியகத்தில் கிடைத்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்கிறார்கள், விஷயம் தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ‘கழிக்கப்பட்டது’ என்ற முத்திரையைப் பார்த்ததும் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டு ‘இதை நீங்கள்தான் கழித்தீர்களா?’ என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகும். இருபத்தைந்து வருடத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

இத்தாலியில் நேப்பிள்ஸின் ஜிரோலமினி நூலகத்தில் நடந்தது இன்னும் மோசம். அங்கே இயக்குநராக நியமிக்கப்பட்டவரே நூலகத்தைக் காலிசெய்தார். 2012-ல் கலை வரலாற்றாசிரியர் தொமாசோ மொந்தனாரி அங்கே போய்ப் பார்த்துப் பத்திரிகையில் எழுதினார், அதற்குப் பிறகுதான் காவல்துறை வந்தது. அங்கிருந்து போன நூற்றுக்கணக்கான நூல்கள் அதற்குள் மியூனிக்கில் ஒரு ஏலத்துக்குத் தயாராகிவிட்டன. அந்த இயக்குநரின் கைவரிசை திருட்டோடும் நிற்கவில்லை. கலிலியோ 1610-ல் வெளியிட்ட வானியல் நூலின் ஒரு பிரதி, அவரே வரைந்த நிலாப் படங்களோடு இருப்பதாகச் சொல்லி 2005-ல் நியூயார்க் வந்தது. அறிஞர்கள் கூடி ஆராய்ந்து உண்மையானது என்று தடித் தொகுதிகளாக எழுதினார்கள். பிறகு நிக் வில்டிங் என்ற வரலாற்றாசிரியர் 2012-ல் அது போலி என்று காட்டினார். அதில் இருந்த பழைய நூலக முத்திரையும் போலி. உடைமை வரலாற்றைச் சொல்ல வேண்டிய முத்திரையையே பொய்யாகச் செய்து ஒட்டியிருந்தார்கள். வெறும் முத்திரையை நம்பாமல், முந்தைய உடைமையாளர்கள் யார், எப்படிக் கைமாறியது என்று ஆவணம் கேட்டிருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும்.

நூலகங்களையும் நான் விடப்போவதில்லை. இந்த மடலை நூலகர்களும் படிப்பார்கள் என்று நம்புகிறேன். ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற வரைபட வியாபாரி 2005-ல் யேல் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பிடிபட்டார், தரையில் விழுந்துகிடந்த ஒரு கத்தி அலகு காட்டிக்கொடுத்தது. 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். தங்களிடம் வரைபடம் குறைகிறது என்பதே அவர் சொல்லித்தான் சில நூலகங்களுக்குத் தெரிந்தது. கொலம்பஸ் தன் முதல் பயணத்தைப் பற்றி எழுதி 1493-ல் அச்சான கடிதத்தின் பிரதிகளும் அப்படித்தான். ஃபுளோரன்ஸ், பார்சலோனா, வத்திக்கான் நூலகங்களில் அசலை எடுத்துவிட்டு நகலை வைத்துவிட்டார்கள். நூலகங்கள் வருடக்கணக்கில் நகலைப் பூட்டிப் பாதுகாத்தன. அசல்கள் 2016, 2018 வாக்கில்தான் திரும்பின. அண்மையில் ரஷ்ய நூல்கள்: எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம் தொடங்கி ஐரோப்பாவின் பல நூலகங்களில் ஆய்வாளர்போல் உட்கார்ந்து ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் முதல் பதிப்புகளைக் கேட்டு வாங்கி, அளவெடுத்து, படமெடுத்து, பிறகு வந்து நகலை வைத்துவிட்டு அசலோடு போனார்கள். குறைந்தது 170 நூல்கள் போயின; 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் ஒன்பது பேர் கைதானதை அறிவித்தது. முதல் திருட்டு தெரிந்த அன்றே மற்ற நாட்டு நூலகங்களுக்கும் உங்களுக்கும் தகவல் போயிருந்தால் கடைசித் திருட்டு நடந்திருக்குமா? நன்கொடையாளர்கள் என்ன நினைப்பார்கள், வேலை போய்விடுமோ என்ற பயம் நூலகங்களின் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதன் பலன் திருடனுக்குத்தான் போகிறது என்பதும் புரிகிறது.

வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 2017 ஜனவரியில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தமில், கலிபோர்னியா புத்தகச் சந்தைக்குப் போகவிருந்த 160-க்கும் மேற்பட்ட நூல்கள் ஒரு கிடங்கில் இருந்தன. மூன்று வியாபாரிகளுடையவை. கலிலியோ, நியூட்டன், கோப்பர்நிக்கஸ் எல்லாம் அதில் இருந்தன. திருடர்கள் கூரைக் கண்ணாடி வழியாகக் கயிற்றில் இறங்கி எடுத்துப் போனார்கள். நீங்கள் ஒளிக்கவில்லை. சில நாட்களிலேயே பட்டியல் உலகம் முழுக்க வியாபாரிகளிடம் போய்விட்டது. விலைமதிப்பற்ற அந்த நூல்களை எங்கேயும் யாரிடமும் விற்க முடியாமல் போனது. 2020 செப்டம்பரில் ருமேனியாவின் கிராமப்புறத்தில் ஒரு வீட்டின் தரைக்கடியில் பொட்டலம் பொட்டலமாகக் கிடைத்தன. பிரிட்டன், ருமேனியா, இத்தாலி காவல்துறைகளின் கூட்டு உழைப்பு அது. ஆனால் அவை மூன்றரை வருடம் தரைக்கடியிலேயே கிடந்ததற்கு உங்கள் பட்டியலும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒத்துழைப்புக்கு இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில், அமேசானுக்குச் சொந்தமான ஏப்புக்ஸ் என்ற விற்பனைத் தளம் தென்கொரியா, ஹங்கேரி, செக், ரஷ்யா போன்ற நாடுகளின் வியாபாரிகளை ஒரே அறிவிப்பில் வெளியேற்றுவதாகச் சொன்னது. ஏறத்தாழ 600 வியாபாரிகள், 27 நாடுகளிலிருந்து, லட்சக்கணக்கான நூல்களைத் தளத்திலிருந்து ஒரே வாரத்தில் விலக்கிவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அறிவிப்பால் தனிப்பட்ட இழப்பு எதுவும் கிடையாது. முன்பின் பார்த்திராத சக தொழிலாளிக்காகத் தங்கள் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஹெர்ட்ஸ்பெர்கர் 1947-ல் நினைத்தது இதைத்தான் என்று பட்டது.

இவ்வளவு செய்ய முடிந்த உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. விற்கும் ஒவ்வொரு அரிய நூலின் விவரணையிலும் கைமாறிய கதைக்கென்று ஒரு வரி எழுதுங்கள், கட்டாயமாக. முத்திரை, கையெழுத்து, உடைமைச் சீட்டு, அழித்த தடம், ஒட்டி மறைத்த இடம் எல்லாம் அந்த வரியில் வரட்டும். முந்தைய ஏலத்தில் வந்திருந்தால் எந்த ஏலம், எந்த வருடம். எதுவும் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லுக்கே மதிப்பு உண்டு. இப்போது கதை இல்லாத விவரணையைப் பார்த்தால், வியாபாரிக்குத் தெரியாதா, தேடவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குப் புரிவதில்லை. ‘தேடினேன், தெரியவில்லை’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு எழுதினால் அவர் தேடியிருக்கிறார் என்று பொருள். அழித்த முத்திரையைக் கண்டும் அப்படி எழுதினால் அது பொய், அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

உங்களில் பலர் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று தெரியும். யாரிடம் வாங்கினோம் என்பதுதான் எங்கள் முதலீடே. அதைச் சொன்னால் அடுத்த வியாபாரி நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவார் என்பீர்கள். அப்பா இறந்ததும் அவர் நூலகத்தை விற்கிற பிள்ளைகள் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்பதும் உண்டு. இரண்டுமே நியாயம். அதனால் பெயரை அச்சிடச் சொல்லவில்லை. ‘தனியார் சேகரிப்பு, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தில்’ என்று கேட்லாக்கில் எழுதுங்கள். பெயரும் ரசீதும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். கேள்வி எழுந்தால் சங்கத்தின் நெறிமுறைக் குழு மட்டும் பார்க்கலாம். கடையை மூடும்போது, அல்லது நீங்கள் காலமான பிறகு, அந்தக் கோப்பு குப்பைக்குப் போகாமல் சங்கத்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். எத்தனையோ நல்ல வியாபாரிகளின் ஐம்பது வருடக் குறிப்புகள் அவர்களோடு போய்விட்டன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் திசையில் சட்டமே வந்துவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவரும் 200 வருடத்துக்கு மேற்பட்ட, 18,000 யூரோவும் அதற்கு மேலும் மதிப்புள்ள நூல்களுக்கு, அவை வந்த நாட்டிலிருந்து முறையாக வெளியேறியவை என்று இறக்குமதியாளர் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்கு இது பெரிய சுமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முந்நூறு வருடத்தில் பத்து நாடு சுற்றிய நூலுக்கு யார் காகிதம் வைத்திருப்பார்கள்? சட்டம் எழுதியவர்கள் உங்களை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விகளை நீங்களே நாற்பது வருடத்துக்கு முன் உங்கள் விவரணைகளில் கேட்கத் தொடங்கியிருந்தால், இன்று காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

அப்புறம், ஒழுங்கு நடவடிக்கை. சங்கம் ஒரு உறுப்பினரை எச்சரித்தாலோ விலக்கினாலோ அதை வெளியிடுங்கள். விசாரணை நடக்கும்போது வேண்டாம், ஒருவர் பெயரைப் புகாரை வைத்தே கெடுக்கக் கூடாது. முடிவு வந்த பிறகு, என்ன விதி மீறப்பட்டது, என்ன தீர்ப்பு என்று நான்கு வரி போதும். ‘உரிய நடவடிக்கை’ என்ற வாசகம் என்னைப் போன்றவர்களுக்கு எதையும் சொல்வதில்லை. தவறு செய்யாத நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்கும் அது நல்லதில்லை, சந்தேகம் எல்லோர்மீதும் சமமாக விழுகிறது.

காணாமல் போன நூல்களின் பதிவேட்டை நீங்கள் நடத்துகிறீர்கள், யார் வேண்டுமானாலும் தேடலாம். மிக நல்ல காரியம். ஆனால் அதில் தேடிவிட்டுத்தான் விற்கிறேன் என்று எத்தனை விவரணைகளில் எழுதியிருக்கிறது? ஒரு தொகைக்கு மேல் விலையுள்ள நூலுக்காவது ‘இந்தத் தேதியில் பதிவேட்டில் பார்த்தேன்’ என்று எழுதுவதை வழக்கமாக்கலாம். நூலகங்களோடும் ஒரு எழுத்துப்பூர்வ உடன்பாடு வேண்டும். தொலைந்தது தெரிந்த சில நாட்களுக்குள் அவர்கள் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். கழித்த நூலுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், வெறும் ரப்பர் முத்திரை போதாது. நல்லெண்ணத்தோடு வாங்கிய வியாபாரி தானாக முன்வந்து நூலைத் திருப்பினால் அவரைத் திருடனைப்போல் நடத்தக் கூடாது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். தகவல் சொன்ன வியாபாரி வக்கீல் தேடி அலைய வேண்டியிருந்தால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

உங்கள் உறுப்புச் சங்கங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவை. சங்கமே இல்லாத நாடுகளில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகப் பழைய நூல் விற்கிறார்கள். அவர்களில் பலருக்கு விவரணை எழுதக் கற்றுத்தர ஆளில்லை, மேற்கோள் நூல்கள் வாங்க வசதியில்லை. அவர்கள் விற்கும் நூல்கள் கடைசியில் உங்கள் கேட்லாக்குகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. உங்கள் பயிற்சி வகுப்புகளிலும், உங்கள் கடைகளில் வேலை பழகவும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். கதை தொலைவது பெரும்பாலும் முதல் கைமாற்றத்தில்தான். ஒரு வீட்டுப் பரணிலிருந்து நூல் இறங்கும்போது, கூடவே இருந்த கடிதத்தையும் ரசீதையும் தூக்கி எறியாமல் உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த முதல் வியாபாரிக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

வரைபடங்களுக்காகவும் படங்களுக்காகவும் முழு நூலைப் பிரித்துத் தாள்தாளாக விற்பவர்களைப் பற்றியும் எழுத ஆசை. எனக்கு அது சகிக்க முடியாத காரியம். ஆனால் அது தனி மடலுக்கான விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: தனித் தாளுக்குக் கைமாறிய கதையே இருக்காது. ஸ்மைலி போன்றவர்களுக்கு வசதியாக இருந்தது அதுதான்.

உங்கள் அடுத்த மாநாட்டில் இந்த ஒரு வரி விஷயத்தை விவாதப் பட்டியலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லா நாட்டுச் சங்கமும் ஒரே நாளில் ஏற்க வேண்டியதில்லை. ஒரு சங்கம் தொடங்கட்டும், அந்தக் கேட்லாக்குகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறோம். நான் சொன்ன தாவரவியல் நூல் இப்போது அதன் நூலகத்தில், அதன் பழைய எண்ணுள்ள இடத்திலேயே இருக்கிறது. படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றிய கடிதங்கள், புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படங்கள், ரசீது, சங்கத்தின் ஒரு வரிப் பதில் எல்லாம் ஒரே உறையில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் நெறிமுறைக் குழுவில் யாராவது பார்க்க விரும்பினால் அப்படியே தந்துவிடுகிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்